கேள்வி நேரம்: புஜைராவுக்கு ஏன் அவ்வளவு காலம்?

வாப்பா கப்பலில் வேலை செய்தவர். அவருடைய முத்திரை அல்பத்தில் புஜைரா என்று போட்ட முத்திரைகள் கிடக்கின்றன. இப்போது என் மகனும் அங்கேதான் வேலை செய்கிறான். அது ஒரு காலத்தில் தனி நாடாகவா இருந்தது? எப்போது?
(ஒரு வாசகி, காத்தான்குடி)

தனி நாடு என்று முழுதாகச் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. இன்றைய ஐக்கிய அரபு அமீரகத்தின் ஏழு ஆட்சிகளில், தனி ஆட்சி என்று பிரித்தானியா கடைசியாக ஏற்றுக்கொண்டது புஜைராவைத்தான், 1952 மார்ச் 21 இல். ஆனால் அங்குள்ள ஷேக் ஹமது பின் அப்துல்லா அல் ஷர்க்கி, ஷார்ஜாவுக்குக் கட்டுப்பட மாட்டேன், நான் தனி ஆட்சியாளன் என்று சொன்னது 1901 இலேயே. இடையில் 51 வருடம். தகப்பன் கேட்டதை மகன் முகம்மது பின் ஹமதுதான் கையில் வாங்கினார்.

ஏன் இவ்வளவு இழுபட்டது என்பதுதான் கதை. அந்தக் கரையில் பிரித்தானியாவுக்கு எல்லாம் ஒப்பந்தக் கடதாசி. 1820 இல் ராஸ் அல் கைமாவைக் கப்பற்படையால் அடித்துவிட்டுக் கடல் அமைதிக்கு ஷேக்குமாரிடம் ஒப்பம் வாங்கினார்கள், 1853 இல் அதையே நிரந்தரமாக்கினார்கள், 1892 இல் வேறு எந்த நாட்டோடும் பேச மாட்டோம், பிரித்தானியாவைத் தவிர யாருக்கும் நிலம் கொடுக்க மாட்டோம் என்று எழுதி வாங்கினார்கள். இந்தக் கடதாசிகளில் ஒப்பமிட்டவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும்தான் ஆட்சியாளர்கள். மற்றவன் கோட்டை கட்டி, வரி வாங்கி, ஊரையே ஆண்டாலும் கணக்கில் வர மாட்டான். புஜைராவோ ஹஜர் மலைக்கு அந்தப் பக்கம், ஓமான் வளைகுடாவைப் பார்த்தபடி இருக்கும் கிழக்குக் கரை. பிரித்தானியாவின் முகவர் இருந்ததோ மேற்குக் கரையில், ஷார்ஜாவில். அவருக்கு மேலே இருந்த ரெசிடென்ட் (வளைகுடா முழுவதற்கும் பிரித்தானியாவின் தலைமை அதிகாரி) பாரசீகத்தின் புஷேர் துறைமுகத்தில் (1946 இல்தான் அந்தக் கந்தோர் பஹ்ரைனுக்கு மாறியது). ஷார்ஜாவை ஆண்ட காசிமி குடும்பம் புஜைரா எங்களுடையது என்று சொல்லிக்கொண்டிருந்தது. புதிதாக ஓர் ஆளை ஏற்றுக்கொண்டால் பழைய ஆளோடு மனக்கசப்பு வரும், நாளைக்கு இன்னும் நாலு சின்ன ஷேக்குகள் வரிசையில் வந்து நிற்பார்கள் என்று கோப்பைக் கட்டி வைத்துவிட்டார்கள்.

இதில் எனக்குக் கோபம் வரும் இடம் 1925. அடிமை வியாபாரம் சம்பந்தமாக ஷேக் ஹமதுமேல் குற்றம் சொல்லி, லோரன்ஸ் என்ற கப்பலைக் கொண்டுவந்து புஜைராக் கோட்டையைச் சுட்டார்கள். மூன்று கோபுரங்கள் சரிந்தன. அடிமை வியாபாரத்துக்கு நான் பரிந்து பேச வரவில்லை, அது வேறு. ஆனால் ஒருவனைப் பார்த்து நீ ஆட்சியாளன் இல்லை, ஷார்ஜாவுக்குக் கீழே உள்ளவன் என்று சொல்லிக்கொண்டே, தண்டிக்கிற நேரத்தில் மட்டும் ஷார்ஜாவைக் கேட்காமல் நேரே அவன் கோட்டையில் குண்டு போட்டால் அதற்கு என்ன பெயர்?

அப்புறம் எண்ணெய் வந்தது. தேடும் கம்பனிக்கு ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒருவருடைய ஒப்பம் வேண்டும், அந்த ஒப்பம் செல்லுபடியாக வேண்டுமென்றால் போட்டவர் ஆட்சியாளராக இருக்க வேண்டும். சரி, இப்போது ஆட்சியாளர் தேவைப்பட்டார். பழைய ஒப்பந்தங்கள் எல்லாவற்றுக்கும் தானும் கட்டுப்படுவதாக ஷேக் முகம்மது ஏற்றுக்கொண்டார், அங்கீகாரம் கிடைத்தது. இதைப் படித்தபோது எங்கள் ஊர் வாசிகசாலைதான் நினைவுக்கு வந்தது. பதிவு இலக்கம் கேட்டு இரண்டு வருடம் ஒரு கந்தோருக்கு நடந்தோம். தேர்தல் நெருங்கி, கூட்டம் வைக்க ஓர் அமைப்பின் பெயர் தேவைப்பட்டதும் அவர்களே கூப்பிட்டுக் கையில் தந்தார்கள்!

முத்திரைகள் 1964 இல் தொடங்கியவை. ஒலிம்பிக், விண்வெளி, மிருகங்கள் என்று புஜைராவுக்குச் சம்பந்தமே இல்லாத படங்கள் இருக்குமே? வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடம் விற்கவே அடித்தவை. அதனால் பெரிய விலை போகாது, மன்னித்துக்கொள்ளுங்கள். வாப்பா தொட்டுச் சேர்த்தவை என்ற பெறுமதிக்கு வைத்திருங்கள்.


ஹுசைன் ஷரீபைப் பிரித்தானியா ஏமாற்றியது, சவூதை மட்டும் தூக்கிவிட்டது என்று என் மச்சான் சொல்கிறார். உண்மையா?
(ஒரு வாசகர், சம்மாந்துறை)

பாதி உண்மை. மக்காவின் ஷரீபாக, அதாவது துருக்கியின் கீழ் அந்த ஊரின் தலைவராக இருந்த ஹுசைன், 1915, 1916 இல் எகிப்திலிருந்த பிரித்தானிய உயர் ஆணையர் மக்மஹோனோடு கடிதம் எழுதி, துருக்கிக்கு எதிராக எழுந்தால் அரபு நாடு கிடைக்கும் என்று நம்பினார். அதே 1916 இல் பிரித்தானியாவும் பிரான்சும் அந்த நிலங்களைத் தங்களுக்குள் இரகசியமாகப் பங்கு போட்டுக்கொண்டன. அந்த வருடக் கடைசியில் ஹுசைன் தன்னை அரபு நாடுகளின் மன்னர் என்று அறிவித்தார். இரண்டு அரசுகளும் கொஞ்ச நாள் பதில் சொல்லாமல் இருந்துவிட்டு, 1917 சனவரியில் மக்கா, மதீனா உள்ள ஹிஜாஸ் பகுதியின் மன்னர் என்று மட்டும் ஏற்றன. முழுக் கல்யாணத்துக்குச் சொல்லிவிட்டுத் தேநீரோடு அனுப்பியது போல.

ஆனால் மச்சான் விட்டது ஒன்று உண்டு. 1921 இல் பிரித்தானிய அதிகாரி ரி. ஈ. லோரன்ஸ் ஜித்தாவுக்கு ஓர் ஒப்பந்தத்தோடு போனார் (மேலே சொன்ன கப்பலுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை). பலஸ்தீனத்திலும் சிரியாவிலும் நடந்ததை ஒத்துக்கொள்வதாக ஆகிவிடும் என்று ஹுசைன் ஒப்பமிட மறுத்தார். எனக்கு அந்த மனிதரில் பிடித்த இடம் அதுதான், அவருக்குக் கெடுதியாக முடிந்ததும் அதுதான். 1924 இல் இப்னு சவூதின் (பின்னாளில் சவூதி அரேபியாவை உருவாக்கியவர்) படை மக்காவுக்குள் வந்தபோது பிரித்தானியா கையைக் கட்டிக்கொண்டு நின்றது. ஹுசைன் சைப்ரசில் அகதியாக இருந்து 1931 இல் அம்மானில் காலமானார். இப்னு சவூதோ 1915 இல் தாரின் என்ற ஊரில் பிரித்தானியாவோடு தன்னைக் கட்டிப்போடும் ஓர் ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டு, பணமும் வாங்கி, பலம் வந்தபின் அதையே மாற்றி எழுத வைத்தார். 1927 மே மாதம் ஜித்தாவில் அவருடைய முழுச் சுதந்திரத்தைப் பிரித்தானியா எழுத்தில் ஏற்றது. தூக்கிவிட்டார்கள் என்பதைவிட, அவர் ஹிஜாஸை ஏற்கெனவே கையில் வைத்திருந்தார், இவர்கள் எழுதிக் கொடுத்தார்கள் என்பதுதான் சரி.


நம்முடைய வன்னிமைமாரும் அந்த ஷேக்குகள் மாதிரித்தானா?
(ஒரு வாசகர், களுவாஞ்சிக்குடி)

இல்லை. எருவில் பற்று, கரவாகுப் பற்று, சம்மாந்துறைப் பற்று என்று பற்றுப் பற்றாக இருந்த வன்னிமைமாரை, அதாவது பற்றுத் தலைவர்களை, அரசாங்கம் நியமித்தது, பிடிக்காவிட்டால் நீக்கியது. ஷேக்கை இலகுவில் நீக்க முடியாது, அவரோடு ஒப்பந்தம் இருந்தது. பிரித்தானியா காட்டும் மரியாதையும் வேட்டுக் கணக்குத்தான்: அந்தக் கரையில் பெரும்பாலான ஷேக்குகளுக்கு மூன்று பீரங்கி மரியாதை வேட்டு, ஹைதராபாத் நிஜாமுக்கு 21. நம்முடைய வன்னிமைக்குக் கந்தோரில் ஒரு கதிரை. 1946 இல் டீ.ஆர்.ஓ.மார் (பிரிவு வருவாய் அதிகாரிகள்) வந்ததோடு அதுவும் போயிற்று. இன்றும் பிரதேச செயலகத்தை டீ.ஆர்.ஓ. கந்தோர் என்று சொல்லும் வயதானவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள்.


கொடுத்த அங்கீகாரத்தைத் திருப்பி எடுத்ததுண்டா?
(காத்தான்குடி வாசகியே தனிக் கடதாசியில் கேட்டது)

உண்டு, அதுவும் உங்கள் மகன் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே. புஜைரா நகரத்துக்குத் தெற்கே ஒட்டினாற்போல் இருக்கும் கல்பா. 1936 இல் பிரித்தானியாவின் இம்பீரியல் ஏர்வேய்ஸ் விமானங்களுக்கு அவசரத்துக்கு இறங்க ஓர் இடம் தேவைப்பட்டது, கல்பா ஷேக் இடம் கொடுத்தார், உடனே அவர் ஆட்சியாளர் ஆனார். புஜைரா 35 வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்ததை இவர் விமானம் இறங்கும் ஒரு தரையைக் கொடுத்து வாங்கிவிட்டார். 1950களின் தொடக்கத்தில், புஜைராவுக்குக் கிடைத்த அதே காலத்தில், கல்பா மறுபடி ஷார்ஜாவோடு சேர்ந்தது. இன்றும் அது ஷார்ஜாவின் ஊர்தான். 1972 இல் அந்த எல்லையில் ஒரு சிறு நிலத்துண்டுக்காக இரண்டு பக்கமும் சுட்டுக்கொண்டு ஆட்கள் செத்தார்கள். மகனிடம் கேட்டுப் பாருங்கள், புஜைராக் கோட்டையைப் பார்க்கப் போயிருப்பார், இப்போது அதைத் திருத்திக் கட்டி வைத்திருக்கிறார்கள். அல்பத்தில் ஒரே முத்திரை இரண்டு இருந்தால் ஒன்றை எனக்கு அனுப்பினாலும் குறை இல்லை.