சிங்கப்பூரில் 1980களில் கட்டிய கொண்டோமினியத்தில் (தனியார் அடுக்குமாடி வளாகத்தில்) வீடு வாங்குகிறோம். இரண்டு வகை அமைப்பில் குடும்பத்துக்கு எது ஏற்றது?

கேள்வியில் கொடுத்திருக்கும் விவரம் இதுதான். ஒரே வளாகத்தில் மூன்று படுக்கையறை கொண்ட இரண்டு வீடுகள், விலையும் கிட்டத்தட்ட ஒன்று. முதல் வீடு மூன்றாம் மாடியில் 1,500 சதுர அடி. பால்கனியில் நின்றால் நீச்சல் குளம் தெரியும், கூடத்திலிருந்து மூன்று படி ஏறினால் அறைகள். இரண்டாவது ஒன்பதாம் மாடியில் 1,350 சதுர அடி. முழு வீடும் ஒரே மட்டம், கூடத்துச் சன்னலில் தெரிவது வாகன நிறுத்துமிடம். குடியேறப் போவது கணவன், மனைவி, பள்ளி செல்லும் இரு பிள்ளைகள், எழுபது வயதைத் தாண்டிய அம்மா.

ஒன்பதாம் மாடி வீட்டை எடுங்கள். அதே போன்ற மூன்று படிகளோடு இரண்டு ஆண்டுகள் வாழ்ந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

நாங்கள் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை விட்டுப் பழைய கொண்டோவுக்கு வந்தபோது முதலில் வாடகைக்குத்தான் இருந்தோம். பார்த்த அன்றே எனக்குப் பிடித்துப்போன வீடு அது. தாழ்ந்த கூடம், உயர்ந்த கூரை, படியில் உட்கார்ந்து பிள்ளைகள் புத்தகம் படிப்பார்கள் என்று மனத்தில் ஒரு படமே ஓடியது. என் மாமியாருக்கு அப்போது 71 வயது. நன்றாக நடப்பார், கைத்தடி கூடக் கிடையாது. குடியேறி நான்கைந்து மாதங்களில் ஒன்றைக் கவனித்தேன். இரவு படுக்கப் போகும்போது ஃபிளாஸ்க்கில் வெந்நீரும் ஒரு டப்பாவில் காப்பித் தூளும் சர்க்கரையும் எடுத்துக்கொண்டு போவார். காலை ஐந்து மணிக்கு எழுந்து அடுப்படியில் நின்று காப்பி போடுவது அவருக்கு நாற்பது ஆண்டுப் பழக்கம். "இருட்டில் இறங்க வேண்டாமே என்றுதான் அம்மா" என்றார். விழவில்லை, அடிபடவில்லை. ஆனால் அந்த வீடு அவரை அவருடைய அடுப்படியிலிருந்து பிரித்துவிட்டது. கைப்பிடி பொருத்தினோம், படியோரம் விளக்கு வைத்தோம். அவர் ஃபிளாஸ்க்கை விடவில்லை.

அதனால் சொந்த வீடு தேடியபோது நான் ஒன்றே ஒன்றைத்தான் அளவுகோலாக வைத்தேன். பணம் செலவழித்தாலும் பின்னால் மாற்ற முடியாதது எது என்று பார்ப்பது. தரை ஓடு, அலமாரி, விளக்கு, கதவு எல்லாம் மாற்றக்கூடியவை. செங்கல் தடுப்புச் சுவரைக் கூட வளாக நிர்வாகத்தின் அனுமதியோடு இடித்துவிடலாம். தரைமட்டம், தூண்கள், பாரம் தாங்கும் சுவர்கள், கழிவுநீர்க் குழாய் இறங்கும் இடம், சன்னல் பார்க்கும் திசை, இவை நீங்கள் அந்த வீட்டில் இருக்கும்வரை அப்படியேதான் இருக்கும். இப்படி ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டால் முகவர் காட்டும் புதுச் சமையலறை அலமாரி உங்களை மயக்காது.

150 சதுர அடி குறைகிறதே என்று தயங்குவீர்கள். பத்திரத்தில் காட்டும் அளவில் பால்கனி, படி, நடைவழி எல்லாம் சேர்ந்துதான் வருகிறது. மூன்றடி அகலத்தில் இருபது அடி நீளம் ஒரு நடைவழி இருந்தால் அதிலேயே 60 சதுர அடி போய்விடும். அங்கே நாற்காலி போட முடியாது, பிள்ளை படுக்க முடியாது. அளவு நாடாவைக் கொண்டுபோய் மூன்று அறைகளையும் கூடத்தையும் சமையலறையையும் மட்டும் அளந்து இரண்டு வீட்டுக்கும் கூட்டிப் பாருங்கள். கூடம் நடுவிலும் அறைகள் இரு பக்கமும் இருக்கும் அமைப்பில் நடைவழி குறைவு. அம்மாவின் அறை ஒரு பக்கம், உங்கள் அறை மறுபக்கம் என்று வைத்தால் இரவில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தாலும் அவர் தூங்கலாம்.

பழைய வீடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது சமையலறைதான். கதவு போட்டு மூடலாம், பின்னால் துணி காயப்போடத் தனி இடம், அதை ஒட்டிப் பணிப்பெண் அறை, சன்னல் வைத்த கழிவறை. நம் வீடுகளில் தினமும் தாளிப்பு உண்டு, வாரம் ஒரு முறையாவது மீன் பொரிப்போம். திறந்த சமையலறையில் அந்த வாசனை திரைச்சீலையிலும் மெத்தையிலும் ஏறி உட்கார்ந்துவிடும். பழைய அமைப்பில் கதவைச் சாத்திச் சன்னலைத் திறந்தால் போதும். புதிதாக வாங்குபவர்கள் பலர் அந்தச் சுவரை இடித்துக் கூடத்தோடு சேர்க்கிறார்கள். நீங்கள் பார்க்கும் வீட்டில் அப்படி இடித்திருந்தால் திரும்பக் கட்டும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு வசதி, வீட்டுக்குள் வெடிகுண்டுப் புகலிடம் இருக்காது. 1998 முதல் கட்டிய வீடுகளில்தான் அது கட்டாயம். அதன் தடித்த சுவரை யாரும் இடிக்கக்கூடாது என்பதால், புது வீட்டுக்குள் அது இருந்தால் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும்.

குறையும் உண்டு. சில பழைய வளாகங்களில் குப்பைக் குழாயின் வாய் சமையலறைக்குப் பின்னாலேயே இருக்கும். மூடியைத் திறந்து பாருங்கள். ரப்பர் விளிம்பு இற்றுப்போயிருந்தால் கரப்பான் பூச்சி நிச்சயம். மாற்றுவது சின்ன வேலைதான், ஆனால் குடிபோகும் முன்பே செய்துவிட வேண்டும்.

வெயிலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்குபவர்கள் இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒரு வீட்டை நாங்கள் காலை பத்து மணிக்குப் பார்த்தோம். காற்றோட்டமாக, குளுகுளுவென்று இருந்தது. மனம் கேட்காமல் இன்னொரு நாள் மாலை நாலரைக்கு மறுபடியும் போனேன். பெரிய படுக்கையறையின் வெளிச்சுவரில் உள்ளங்கையை வைத்தேன். தோசைக்கல்லை இறக்கி வைத்துக் கொஞ்ச நேரம் ஆனால் எப்படி இருக்குமோ அந்தச் சூடு. மாலை முழுக்க அந்தச் சுவர் வாங்கிக்கொள்ளும் வெப்பத்தை இரவு முழுக்க அறைக்குள் விட்டுக்கொண்டே இருக்கும், குளிரூட்டியும் இரவு முழுக்க ஓட வேண்டியிருக்கும். அந்த வீட்டை விட்டுவிட்டோம். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் ஆண்டு முழுக்க மேற்கு வெயில் மேற்கு வெயில்தான். வடக்கு தெற்காகச் சன்னல் வைத்த வீடு கிடைத்தால் நல்லது. டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று, ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு. எதிரெதிர்ப் பக்கங்களில் சன்னல் இருந்தால் இரண்டையும் வீட்டுக்குள் இழுக்கலாம். ஒன்பதாம் மாடி வீட்டில் எந்த அறை எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கேள்வியில் இல்லை. வானம் தெளிந்த ஒரு நாளில், மாலை நான்குக்கு மேல் போய்ச் சுவரைத் தொட்டுப் பாருங்கள்.

நீச்சல் குளத்துக்கு வருகிறேன். குளம் எல்லாருக்கும் பொது. பால்கனியிலிருந்து தெரிந்தால் உங்கள் பிள்ளைகளுக்கு அது அதிகமாகச் சொந்தமாகிவிடாது, மின்தூக்கியில் இறங்கி வந்தால் யாருக்கும் அதே தண்ணீர்தான். ஆனால் மூன்றாம் மாடிக்காரருக்குச் சனி, ஞாயிறுகளில் நீச்சல் வகுப்பின் விசில் சத்தமும், பக்கத்தில் இறைச்சி வாட்டும் அடுப்பு இருந்தால் அதன் புகையும் சேர்ந்தே வரும். பிள்ளைகள் தேர்வுக்குப் படிக்கும் வீட்டில் இது சாதாரணத் தொல்லை இல்லை. வாகன நிறுத்துமிடத்தைப் பார்த்த வீடு இரவு பத்துக்குமேல் அமைதியாகிவிடும்.

பராமரிப்புக் கட்டணம் வீட்டின் பங்கு மதிப்பை, அதாவது வளாகத்தின் பொதுச் செலவில் அந்த வீட்டுக்கு உள்ள பங்கைப் பொறுத்தது. இப்போதைய முறையில் 50 சதுர மீட்டர் வரை ஐந்து பங்கு, 100 வரை ஆறு, 150 வரை ஏழு. உங்கள் இரண்டு வீடும் ஏறத்தாழ 139, 125 சதுர மீட்டர் என்பதால் ஒரே படிநிலையில்தான் வரும். பழைய வளாகங்களில் வேறு விதமாகப் பிரித்திருப்பதும் உண்டு என்பதால் விற்பவரிடம் கடைசிக் காலாண்டுக்கான ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ரசீதைவிட முக்கியம் ஆண்டுப் பொதுக்கூட்டக் குறிப்புகள். பெரும் பழுதுகளுக்கு ஒதுக்கிய நிதியில் எவ்வளவு இருக்கிறது, மின்தூக்கி மாற்றும் பேச்சு இருக்கிறதா, குளத்தின் ஓடுகள் எப்போது பார்த்தது என்று எல்லாம் அதில் தெரியும். 2022 முதல் 20 ஆண்டைக் கடந்த, 13 மீட்டருக்கு மேல் உயரமான கட்டடங்களின் வெளிமுகப்பை ஏழு ஆண்டுக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும் என்று விதி. சோதனையில் பழுது தெரிந்தால் செலவு உரிமையாளர்கள் தலையில்தான். நிதி வற்றிய வளாகத்தில் நீங்கள் குடிபோன மறு ஆண்டே தனியாகப் பணம் கேட்டுக் கடிதம் வரலாம்.

வீட்டுக்குள் கூரையைப் பாருங்கள், குறிப்பாகக் குளியலறைக் கூரையை. பழுப்புக் கறை இருந்தால் மேல்வீட்டுக் கசிவு. சட்டம் அதை மேல்வீட்டிலிருந்து வந்ததாகவே முதலில் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்டும் பொறுப்பு அவர்களுடையது. ஆனாலும் பேசி முடிப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். கான்கிரீட் உப்பித் துருப்பிடித்த கம்பி தெரிந்தால் அதன் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். கதவுபோல் வெளியே திறக்கும் அலுமினியச் சன்னல்களில் ஆணிகள் துருப்பிடிக்காத எஃகால் ஆனவையா என்று பாருங்கள். 2004 முதல் அது கட்டாயம், பொறுப்பு வீட்டுக்காரருடையது.

குத்தகையையும் சரிபார்க்க வேண்டும். 99 ஆண்டுக் குத்தகை 1985இல் தொடங்கியிருந்தால் 2084இல் முடியும். வாங்குபவர்களில் இளையவருக்கு 95 வயது ஆகும்வரை அது மிஞ்சினால்தான் சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் மத்திய சேம நிதியை முழு வரம்புக்குப் பயன்படுத்தலாம். வளாகம் முழுவதையும் ஒன்றாக விற்கும் கூட்டு விற்பனையில் லாபம் வரும் என்று யாராவது ஆசை காட்டினால் அதை நம்பி வாங்காதீர்கள். பங்கு மதிப்பிலும் பரப்பளவிலும் போதுமான பெரும்பான்மை கொண்ட உரிமையாளர்கள் சம்மதித்தால் மற்றவர்களும் வீட்டைக் காலி செய்ய வேண்டிவரலாம். 80 வயதில் அம்மாவை இன்னொரு வீட்டுக்குப் பழக்குவது எளிதில்லை.

வீட்டை வேறு யாருக்கும் விற்காமல் உங்களுக்காக வைத்திருக்கும் விருப்ப உரிமைக்காக விலையில் ஒரு விழுக்காட்டைக் கொடுத்த பிறகு முடிவெடுக்கப் பொதுவாக 14 நாள்தான் கிடைக்கும். அதனால் கொடுப்பதற்கு முன்பே அம்மாவை ஒரு முறை இரண்டு வீட்டுக்கும் அழைத்துப் போங்கள். கட்டில் போடப்போகும் இடத்திலிருந்து கழிவறைக்கும், அங்கிருந்து அடுப்படிக்கும் அவரே நடக்கட்டும். நீங்கள் பேசாமல் பார்த்துக்கொண்டிருங்கள். குளியலறை வாசலில் நாலு விரல் உயரத்துக்குத் திட்டு இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இரண்டு காரணங்களுக்காக மட்டும் என் பதிலை மாற்றிக்கொள்வேன். ஒன்பதாம் மாடியில் அறைகள் எல்லாம் மறைப்பு எதுவும் இல்லாமல் மேற்கைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது அந்தக் கட்டடத்தில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காததாக இருக்க வேண்டும். அப்படியென்றால் இரண்டையும் விட்டுவிட்டு அதே வளாகத்தில் ஒரே மட்ட வீடு இன்னொன்று விற்பனைக்கு வரும்வரை காத்திருங்கள். படி வைத்த வீட்டுக்கு மட்டும் போக வேண்டாம்.