81 வயது அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கத்தான் வேண்டுமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு 81 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியர். நீண்ட காலச் சீனி வருத்தம், ஒருமுறை மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், இப்போது சிறுநீரகம் வேலை செய்யும் அளவான ஈஜிஎஃப்ஆர் 9 க்கு இறங்கிவிட்டது. கொஞ்சம் மறதி உண்டு, ஆனால் தானே நடந்து வாசிகசாலைக்குப் போய்ப் பேப்பர் படித்துவிட்டு வருவார். கிளினிக்கில் விசேட வைத்திய நிபுணர், "டயாலிசிஸ் செய்யலாம், செய்யாமலும் பார்க்கலாம், குடும்பமாக யோசித்துச் சொல்லுங்கள்" என்று அனுப்பிவிட்டார். (டயாலிசிஸ் என்றால், சிறுநீரகத்துக்குப் பதிலாக ஒரு இயந்திரம் இரத்தத்தைச் சுத்திகரிப்பது.) ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா, காசைப் பற்றி யோசிக்காதே, உடனே தொடங்கு என்கிறார். அம்மாவுக்குப் பயம். அப்பாவிடம் இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை. வாசகியின் கேள்வி இது: "வேண்டாம் என்று சொன்னால் நாங்களே அப்பாவைக் கொன்றதாகிவிடாதா?"

ஆகாது. மிச்சத்தை ஆறுதலாகப் பேசலாம், இதை மட்டும் முதலில் மனதில் வையுங்கள். டயாலிசிஸ் செய்யாத ஒருவருடைய உயிரை எடுப்பது சிறுநீரக நோய்தான். மருந்து ஊசி போட்டு ஒருவரின் உயிரை வேண்டுமென்றே முடிப்பது இலங்கையில் குற்றம், எந்த வைத்தியரும் அதைச் செய்யக்கூடாது. தெளிவான அறிவோடு இருக்கும் ஒருவர், இந்தச் சிகிச்சை எனக்குத் தரும் நன்மையைவிடத் தொந்தரவு அதிகம் என்று மறுப்பது முற்றிலும் வேறு விஷயம், அது அவரது உரிமை. இன்னொன்றும் சொல்லவேண்டும், ஏனென்றால் பல குடும்பங்கள் இதில்தான் மாட்டிக்கொள்கின்றன. ஒரு சிகிச்சையைத் தொடங்காமல் விடுவதற்கும், தொடங்கிப் பார்த்து உதவவில்லை என்று நிறுத்துவதற்கும் மருத்துவ நெறியில் வித்தியாசம் இல்லை. மனதுக்கு நிறுத்துவது பாரமாகத்தான் இருக்கும், எனக்கும் அப்படித்தான், ஆனால் "தொடங்கினால் பிறகு நிறுத்தவே முடியாது" என்ற பயத்தில் முடிவெடுக்காதீர்கள்.

"நீங்களே யோசித்துச் சொல்லுங்கள்" என்று அந்த வைத்தியர் சொன்னது உங்களுக்குக் கோபத்தைத் தந்திருப்பது கடிதத்தில் தெரிகிறது. அந்தக் கோபம் நியாயமானதுதான். நோயாளியின் விருப்பத்தை மதிப்பது என்றால் ஒரு பட்டியலை நீட்டிவிட்டு விலகிக்கொள்வது இல்லை. உங்கள் அப்பாவுக்கு எது முக்கியம் என்று கேட்டறிந்து, அதற்கு எது பொருந்தும் என்று தன் பரிந்துரையைச் சொல்வதும் வைத்தியரின் கடமை. ஆனால் அவர் பக்கத்தையும் பாருங்கள். ஒரு காலை கிளினிக்கில் வாசல் நிறையச் சனம் காத்திருக்கும்போது இந்தப் பேச்சுக்கு நேரம் கிடைப்பதில்லை. "வேண்டாம்" என்று சொன்னால் நாளைக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு மகன் வந்து ஏன் கைவிட்டீர்கள் என்று கேட்பார் என்ற பயமும் வைத்தியர்களான எங்களுக்கு உண்டு.

நீண்ட காலம் தொடர்ந்து செய்யும் டயாலிசிஸின் வரலாறே இப்படியொரு கஷ்டமான முடிவோடுதான் தொடங்கியது. 1960 இல் அமெரிக்காவின் சியாட்டலில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற வைத்தியர், கையில் நிரந்தரமாக ஒரு குழாய் இணைப்பை வைத்து, மீண்டும் மீண்டும் டயாலிசிஸ் செய்ய வழி கண்டார். நோயாளிகள் ஏராளம், இயந்திரங்களோ சில. யாருக்கு இடம் கொடுப்பது என்று தீர்மானிக்க அங்கே ஏழு பேர் கொண்ட குழுவை அமைத்தார்கள். அதில் ஒரு வழக்கறிஞர், ஒரு மதகுரு, ஒரு வங்கியாளர், ஒரு குடும்பத்தலைவி எல்லாம் இருந்தார்கள். ஒருவரின் வேலை, பிள்ளைகளின் எண்ணிக்கை, கோயிலுக்குப் போகிறாரா என்பதையெல்லாம் எடைபோட்டு யார் வாழ்வது என்று முடிவு செய்தார்கள். 1962 இல் இது பத்திரிகையில் வெளிவந்து பெரிய விவாதமானது, பிறகு 1972 இல் அமெரிக்க அரசே செலவை ஏற்றுக்கொண்டது. அன்றைய கேள்வி யாருக்குக் கிடைக்கும் என்பது. இன்று கொழும்பில் உங்கள் முன்னால் இருப்பது, கிடைத்தாலும் இந்த மனிதருக்கு இது நல்லதா என்பது. இயந்திரம் இருக்கிறது, அண்ணாவிடம் காசும் இருக்கிறது என்பதெல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

சரி, டயாலிசிஸ் என்ன தரும், என்ன எடுக்கும்? வழக்கமாக வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் சுமார் நான்கு மணித்தியாலம். காலி வீதி நெரிசலில் போய்வரும் நேரத்தையும், முடிந்த பிறகு வரும் களைப்பையும் சேர்த்தால் அந்த நாள் முழுவதும் போய்விடும். இருதயம் பலவீனமானவர்களுக்கு இடையில் பிரஷர் சட்டென்று இறங்கும், தலை சுற்றும், கால் பிடித்து இழுக்கும். அவசரமாகத் தொடங்கினால் கழுத்தில் குழாய் போடவேண்டிவரும், அதில் கிருமி தொற்றும் ஆபத்து அதிகம். இதெல்லாம் இருந்தும் பலருக்கு இது உண்மையிலேயே நல்ல வாழ்வைத் தருகிறது. மூச்சுத்திணறல் குறைகிறது, வாந்தி நிற்கிறது, பசி வருகிறது. வயதை மட்டும் வைத்து மறுப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

ஆனால் வயதோடு இருதய நோய், நடமாட்டக் குறைவு, மறதி எல்லாம் சேரும்போது கணக்கு மாறுகிறது. 2009 இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருந்துகொண்டே டயாலிசிஸ் தொடங்கிய 3702 பேரைப் பார்த்தார்கள். ஒரு வருடத்துக்குள் 58 வீதமானோர் இறந்துவிட்டார்கள். தொடங்குமுன் எவ்வளவு தூரம் தங்கள் வேலைகளைத் தாங்களே செய்தார்களோ அந்த நிலையில் ஒரு வருடத்தின் பின்னும் இருந்தவர்கள் 13 வீதம்தான். இதை அப்படியே உங்கள் அப்பாவுக்குப் பொருத்தாதீர்கள், அவர்கள் ஏற்கனவே பிறர் உதவியில் இருந்தவர்கள், உங்கள் அப்பா தானே நடந்து போய்ப் பேப்பர் படிக்கிறார். அவருடைய வாய்ப்பு அவர்களுடையதைவிட நன்றாக இருக்கும் என்றே நினைக்கிறேன். அதற்காக, டயாலிசிஸ் அவரைப் பத்து வருடத்துக்கு முந்திய அப்பாவாக ஆக்கிவிடும் என்றும் எதிர்பார்க்க முடியாது.

செய்யாமல் விட்டால்? "ஒன்றும் செய்யாமல் விடுவது" என்று இதை நினைப்பதுதான் எனக்குக் கவலை. இரத்தம் குறைந்தால் எரித்ரோபொயட்டின் ஊசியும் இரும்புச்சத்தும், கால் வீங்கி மூச்சு முட்டினால் நீர் போகும் மாத்திரை, தோல் அரிப்புக்கு மிகக் குறைந்த அளவில் கபபென்டின், ஓங்காளத்துக்கு மருந்து என்று ஒவ்வொன்றாகக் கவனிக்கவேண்டும். கிளினிக்கும் தொடரவேண்டும். சாப்பாட்டில் பொட்டாசியத்தைப் பார்க்கவேண்டும், உடம்புக்குக் குளிர்ச்சி என்று, பொட்டாசியம் நிறைந்த செவ்விளநீரை வெட்டிக் கொடுக்காதீர்கள். காமரங்காய் தொடவே கூடாது, சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது மூளையையே தாக்கும். நோவுக்குக் கடையில் வாங்கும் டைக்குளோபெனக் வேண்டாம். கடைசிக் கட்டத்தில் நோவுக்கு மோர்ஃபின் தேவைப்பட்டாலும் வைத்தியர் மிகக் கவனமாகக் கொடுப்பார் அல்லது ஃபென்டனிலுக்கு மாற்றுவார், ஏனென்றால் மோர்ஃபினின் கழிவு இந்தச் சிறுநீரகத்தால் வெளியேறாமல் உடம்பில் தேங்கும். இப்படிப் பராமரிக்கப்படுபவர்கள் சில மாதங்கள் வாழலாம், சிலர் ஒரு வருடத்தையும் தாண்டுவார்கள். முடிவு நெருங்கும்போது பெரும்பாலும் தூக்கம் கூடிக்கொண்டே போகும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியதும் அதுதான். காலம் குறித்து வைத்து முயற்சி செய்து பார்ப்பது. உதாரணமாக மூன்று மாதம். தொடங்குமுன்பே அப்பா, நீங்கள், வைத்தியர் எல்லோரும் சேர்ந்து, எதை வைத்து "சரிவருகிறது" என்று சொல்வோம் என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள். வாசிகசாலைக்குப் போகிறாரா, சாப்பிடுகிறாரா, டயாலிசிஸ் இல்லாத நாட்களில் சிரித்துப் பேசுகிறாரா. மூன்று மாதத்தின் பின் எப்போதும் கட்டிலிலேயே கிடக்கிறார், போகும்போதெல்லாம் வேண்டாம் என்கிறார் என்றால் நிறுத்தலாம், அது முன்பே பேசிய முடிவு என்பதால் யாரும் யாரையும் குற்றம் சொல்லத் தேவையில்லை. இதற்கு ஆயத்தமாகக் கையில் ஃபிஸ்டியுலா என்ற இரத்தக்குழாய் இணைப்புச் சத்திரசிகிச்சை செய்யவேண்டும். அது முதிர ஆறு முதல் எட்டு வாரம், வயதான சீனி வருத்தக்காரருக்கு அதைவிடவும் கூடுதலாக எடுக்கலாம். ஆகவே யோசிக்கும் காலத்திலேயே, அவர் எழுதாத கையில் இரத்தம் எடுக்கவோ சேலைன் ஏற்றவோ விடாதீர்கள், அந்த இரத்தக்குழாய் ஃபிஸ்டியுலாவுக்குத் தேவைப்படும். ஃபிஸ்டியுலா செய்ததால் டயாலிசிஸ் தொடங்கியே ஆகவேண்டும் என்றும் இல்லை.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அப்பாவிடம் சொல்லவேண்டும். "தெரிந்தால் மனம் உடைந்துவிடுவார்" என்று எழுதியிருக்கிறீர்கள். நம் வீடுகளில் அன்பின் பெயரால் நடக்கும் மிகப் பெரிய அநியாயம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். முப்பது நாற்பது வருடம் வகுப்பறையில் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்த மனிதருக்கு, உங்கள் முகம் என்ன சொல்கிறது என்று தெரியாதா? பெரும்பாலான நோயாளிகளுக்குத் தெரிந்தே இருக்கிறது. பிள்ளைகள் கலங்குவார்கள் என்று அவர்களும் பேசாமல் இருக்கிறார்கள்.

காலையில், அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில், தேத்தண்ணி குடித்த பிறகு பக்கத்தில் இருந்து கேளுங்கள்: "அப்பா, கிளினிக்கில டொக்டர் சொன்னது உங்களுக்கு என்ன மாதிரி விளங்கினது?" அவர் சொல்வதை முழுக்கக் கேளுங்கள். அடுத்தது: "இன்னும் விளக்கமாத் தெரிய விருப்பமா, இல்லாட்டி எங்களோட கதைச்சாப் போதுமா?" அவர் "நீ பார்த்துச் செய், பிள்ளை" என்றால் அதுவும் அவருடைய முடிவு, ஆனால் அதை அவர் வாயால் கேட்டிருக்கவேண்டும். மூன்றாவது கேள்விதான் முக்கியம்: "இனி வாற நாட்கள்ல உங்களுக்கு எது இல்லாட்டிச் சரிவராது, எது வேண்டவே வேண்டாம்?" சிலர் பேத்தியின் கல்யாணம் வரைக்கும் எதையும் தாங்குவேன் என்பார்கள். சிலர் ஆஸ்பத்திரிக் கட்டில் மட்டும் வேண்டாம் என்பார்கள். இந்தப் பதில் வந்ததும் டயாலிசிஸ் கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

மறதி இருக்கிறதே, அவரால் முடிவெடுக்க முடியுமா என்று கேட்பீர்கள். நேற்றுச் சாப்பிட்டது மறந்தாலும் முடிவெடுக்கலாம். சொன்னதை விளங்கிக்கொள்கிறாரா, பேசி முடியும் வரை மனதில் வைத்திருக்கிறாரா, நல்லது கெட்டதை எடைபோடுகிறாரா, தன் விருப்பத்தைச் சொல்கிறாரா, இவ்வளவுதான் பார்க்கவேண்டும். அவருடைய சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இரத்தத்தில் யூரியா என்ற கழிவு ஏறினால் சில நாள் குழப்பமாக இருப்பார், அப்படியென்றால் இன்னொரு நாள் கேளுங்கள், இரண்டு தடவையும் ஒரே பதில் வந்தால் அது உறுதியான பதில்.

அண்ணாவோடு சண்டை பிடிக்காதீர்கள். தூரத்தில் இருப்பவர் கடைசியாகப் பார்த்த அப்பாவை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார், வரமுடியாத குற்ற உணர்வும் சேர்ந்திருக்கும். "உனக்கு என்ன தெரியும்" என்று தொடங்கினால் அது தீராது. அப்பாவே வட்ஸ்அப்பில் அவரோடு பேசட்டும். அண்ணாவிடம் நீங்கள் கேட்கவேண்டியது ஒன்றுதான்: உனக்கு என்ன வேண்டும் என்பதை விடு, அப்பா இதைக் கேட்டால் என்ன சொல்வார்?

இன்னொரு முடிவும் தனியாக இருக்கிறது, பலர் இதை டயாலிசிஸோடு போட்டுக் குழப்புகிறார்கள். இருதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி மீட்கவேண்டுமா, ஐசியுவில் வென்டிலேட்டர் வேண்டுமா? வசதி நிறைந்த நாடுகளின் ஆஸ்பத்திரிகளில்கூட இருதயம் நின்று இப்படி மீட்க முயலப்படுபவர்களில் ஐந்தில் ஒருவர் அல்லது அதற்குக் கொஞ்சம் கூடுதலானோர்தான் உயிரோடு வீடு திரும்புகிறார்கள். உங்கள் அப்பாவின் வயதிலும் நோயிலும் அது இன்னும் குறைவு, விலா எலும்புகள் முறிவதும் சாதாரணம். டயாலிசிஸ் வேண்டும், வென்டிலேட்டர் வேண்டாம் என்று சொல்வதில் எந்த முரணும் இல்லை. இந்தியாவில் 2018 இல் உச்ச நீதிமன்றம் இப்படி முன்கூட்டியே எழுதிவைக்கும் விருப்ப ஆவணத்தை அங்கீகரித்தது. நமக்கு அதற்கென்று தனிச் சட்டம் இல்லை, ஆனாலும் அப்பா சொன்னதைத் திகதி போட்டு எழுதி, அவர் கையெழுத்தோடு கிளினிக் புத்தகத்தில் வைத்துவிடுங்கள், வைத்தியரையும் குறிப்பெழுதச் சொல்லுங்கள். இரவு இரண்டு மணிக்கு வார்டில் அவரை முதன்முதலாகப் பார்க்கும் இளம் வைத்தியருக்கு அந்தக் குறிப்பு பெரிய துணை. வீட்டிலேயே இருக்க அவர் விரும்பினால், 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எப்போது அழைப்பது, எப்போது அழைக்காமல் இருப்பது, வீட்டில் காலமானால் யார் உறுதிப்படுத்தி எழுதித் தருவார் என்பதையும் குடும்ப வைத்தியரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

அடுத்த கிளினிக்குக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவருக்குப் பின்னால் நின்று சைகை காட்டாமல். வைத்தியரிடம் "செய்யலாமா வேண்டாமா" என்று கேட்டால் திரும்பவும் அதே பதில்தான் வரும். அப்பாவைப் போன்றவர்கள் டயாலிசிஸ் தொடங்கி ஆறு மாதத்தில் நன்றாகப் போனால் எப்படி இருப்பார்கள், மோசமாகப் போனால் எப்படி இருப்பார்கள், பெரும்பாலும் எது நடக்கும் என்று கேளுங்கள். பிறகு அப்பா உங்களிடம் சொன்னதை அவரையே சொல்லவைத்து, "இதற்கு நீங்கள் எதைப் பரிந்துரைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அன்று நேரமில்லை என்றால் தனியாக ஒரு நேரம் வாங்கிக்கொண்டுதான் எழும்பவேண்டும். ஈஜிஎஃப்ஆர் 9 என்பது இதை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடும் நிலை இல்லை. மூச்சு முட்டி அவசரப் பிரிவுக்குப் போய்க் கழுத்தில் குழாய் போடும் இரவுக்கு முன்னால், இந்த மாதத்துக்குள் இந்தப் பேச்சை முடித்துவிடுங்கள்.