உடற்பயிற்சி செய்வதால் மாரடைப்பு குறைகிறதா, நல்ல உடம்பு உள்ளவர்கள்தான் உடற்பயிற்சி செய்கிறார்களா?

நீங்கள் கேட்பது இதுதான்: உடம்பு நன்றாக இருப்பவன்தான் காலையில் எழுந்து ஓடுகிறான், முடியாதவன் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறான். அப்படியிருக்க "ஓடுகிறவனுக்கு மாரடைப்பு குறைவு" என்று கணக்கெடுத்துச் சொல்வதில் என்ன இருக்கிறது?

நான் ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டர். பிள்ளைகளை ஓட விடுவதுதான் என் பிழைப்பு. அதனால் "அதெல்லாம் யோசிக்காதீங்க, ஓடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமானது. இந்த ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்தவருக்கே அது இருந்தது.

அவர் பெயர் ஜெர்ரி மோரிஸ். பிரிட்டிஷ் மருத்துவர், இரண்டாம் உலகப் போரின்போது ராணுவ டாக்டராக இந்தியாவிலும் இருந்தவர். போர் முடிந்த கையோடு பிரிட்டனில் நடுத்தர வயது ஆண்கள் மாரடைப்பில் சாவது கூடிக்கொண்டே போனது. காரணம் யாருக்கும் புரியவில்லை. செய்கிற வேலைக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா என்று பார்க்கலாம் என மோரிஸ் குழுவினர் லண்டன் போக்குவரத்துத் தொழிலாளர்களின் பதிவேடுகளை எடுத்தார்கள். 35 முதல் 64 வயது வரை, ஏறக்குறைய 31,000 ஆண்கள்.

லண்டன் மாடிப் பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். டிரைவருக்கு ஷிப்ட் முழுக்க உட்கார்ந்த இடம்தான். கண்டக்டரோ டிக்கெட் போட மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கியாக வேண்டும். ஒரு நாளைக்குச் சுமார் 600 படி. இருவரும் ஒரே மாதிரி குடும்பத்திலிருந்து வந்தவர்கள், சம்பளத்திலும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக வந்தது. வந்தாலும் வயது தள்ளி வந்தது, கடுமையும் குறைவாக இருந்தது. திடீர் மரணம் டிரைவர்களிடம்தான் அதிகம்.

என் அப்பாவும் டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இதைப் படித்த அன்றைக்கே ஆர்வத்தில் அவரிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், "டிரைவருக்கு இருக்கிற டென்ஷன் என்னன்னு உனக்குத் தெரியுமாடா? குறுக்க ஒருத்தன் வந்தா அவருக்குத்தான் உசுரு போய் வரும். எனக்குச் சில்லறைப் பிரச்சினை, அவ்வளவுதான். அதைக் கணக்குல எடுத்தாங்களா?" என்றார்.

எடுத்தார்கள்! மோரிஸ் இந்த முடிவை உடனே வெளியிடவில்லை. வேறு தொழில்களிலும் இதே போக்கு தெரிகிறதா என்று பார்க்கத் தபால் துறைக்குப் போனார். ஒரு பக்கம் நடந்தும் சைக்கிளிலும் தபால் கொண்டுபோகும் தபால்காரர்கள், இன்னொரு பக்கம் உட்கார்ந்தே வேலை பார்க்கும் குமாஸ்தாக்களும் டெலிபோன் ஆபரேட்டர்களும். குமாஸ்தாவின் மேஜைக்குக் குறுக்கே எந்த சைக்கிளும் வரப்போவதில்லை. அங்கேயும் உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் நோய் அதிகம். அப்புறம்தான் 1953இல் லான்செட் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது.

இனிமேல்தான் உங்கள் கேள்வி வருகிறது. டிரைவர் வேலைக்குச் சேர்கிறவனே ஆரம்பத்திலிருந்து கொஞ்சம் பருமனாக இருந்தால்? அப்படியானால் படிக்கட்டுக்கு இதில் என்ன பெருமை? இதைச் சோதிக்க அவர்கள் எடுத்தது இரத்தமும் இல்லை, ஈ.சி.ஜி.யும் இல்லை. பேண்ட்! நிறுவனம் சீருடை தைத்துக் கொடுப்பதால் ஒவ்வொருவரின் இடுப்பளவும் பதிவில் இருந்தது. பார்த்தால், இளம் வயதிலேயே டிரைவர்களின் இடுப்பு கண்டக்டர்களைவிடப் பெரிதாக இருந்தது. அதாவது தங்கள் முடிவிலேயே ஓட்டை இருக்கலாம் என்று அவர்களே கண்டுபிடித்து, 1956இல் அதே லான்செட்டில் "சீருடைகளின் தொற்றுநோயியல்" (யாருக்கு எந்த நோய் ஏன் வருகிறது என்று கணக்கெடுக்கும் துறைக்குப் பெயர் அது) என்று குறும்பாகத் தலைப்பு வைத்து எழுதிவிட்டார்கள். எனக்கு 1953 கட்டுரையைவிட இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. (அப்பாவுக்குக் காக்கியைத் துணியாகத்தான் கொடுத்தார்கள். மோரிஸ் இங்கே வந்திருந்தால் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தையல்காரரின் நோட்டைத்தான் கேட்டிருக்க வேண்டும்.)

பிறகு மெலிந்தவர், நடுத்தரம், பருமன் என்று இடுப்பளவு வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். மூன்று வகையிலும் கண்டக்டர்களிடம் திடீர் மரணம் குறைவாகவே இருந்தது. ஆக, பருமன் ஒரு பங்கைத்தான் விளக்கியது, முழுவதையும் அல்ல.

வேலையைத் தேர்ந்தெடுப்பதால் வரும் குழப்பமே வேண்டாம் என்று அடுத்து ஒரே மாதிரி மேஜை வேலை பார்க்கும் அரசு அலுவலர்களை எடுத்தார்கள். கிட்டத்தட்ட 17,000 ஆண்கள். முந்தைய வெள்ளி, சனிக்கிழமைகளில் என்னென்ன செய்தோம் என்று திங்கட்கிழமை காலையில் அவர்கள் எழுதித்தர வேண்டும். 1973இல் வந்த முடிவு: ஓய்வு நேரத்தில் மூச்சு வாங்குகிற அளவுக்கு எதையாவது செய்தவர்களின் ஆபத்து, செய்யாதவர்களுடையதில் மூன்றில் ஒரு பங்கு.

"அவர்களும் தாங்களாகத்தானே ஓய்வு நேரத்தில் ஓடினார்கள்?" என்பீர்கள். சரிதான். நோயாளிகளை ஆரம்பத்திலேயே விலக்கலாம், புகைபிடிப்பதைக் கணக்கில் எடுக்கலாம், வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்க்கலாம். சந்தேகம் குறையுமே தவிரப் போகாது. போக வேண்டுமானால் சீட்டுக் குலுக்கி, "நீ ஓடு, நீ ஓடாதே" என்று பிரிக்க வேண்டும்.

அதையும் செய்தார்கள். நார்வேயின் ட்ரோண்ட்ஹெய்ம் நகரில் 70 முதல் 77 வயது வரையுள்ள 1,567 பேர், ஐந்து வருடம். ஒரு பகுதியினருக்குத் தீவிரப் பயிற்சி, இன்னொரு பகுதியினருக்கு மிதமான பயிற்சி, மீதிப் பேருக்கு "அரசு சொல்கிற அளவு உடலை அசையுங்கள்" என்ற அறிவுரை மட்டும். 2020இல் முடிவு வந்தபோது, பயிற்சிக் குழுக்களுக்கும் அறிவுரைக் குழுவுக்கும் இறப்பில் தெளிவான வித்தியாசம் எதுவுமில்லை.

உடனே "பார்த்தீர்களா, எல்லாம் பொய்" என்று கிளம்பிவிட வேண்டாம். மொத்தத்திலேயே 4.6 சதவீதம் பேர்தான் இறந்திருந்தார்கள். அந்த வயதுக்கு அது மிகக் குறைவு. இப்படி ஒரு ஆய்வுக்குப் பெயர் கொடுக்க வருகிறவர்களே தெம்பானவர்கள்தான் (இங்கேயும் உங்கள் சந்தேகம் ஜெயிக்கிறது). அதோடு அறிவுரைக் குழுவும் சும்மா இருக்கவில்லை. அவர்களும் நன்றாகவே நடந்தார்கள், ஓடினார்கள்.

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எம்.பில். படித்தபோது என் ஆய்வும் இதே கதைதான். விடுதி மாணவர்கள் 40 பேர், 12 வாரம், பாதிப் பேருக்குத் தாவும் பயிற்சி, மீதிப் பேர் கட்டுப்பாட்டுக் குழு, அதாவது ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பயிற்சி இல்லாமல் விடப்பட்டவர்கள். ஏழாவது வாரம் ஒரு சாயங்காலம் அந்தப் பக்கம் போனால், கட்டுப்பாட்டுக் குழு மொத்தமும் வியர்க்க விறுவிறுக்க வாலிபால் ஆடிக்கொண்டிருக்கிறது. "என்னடா இது?" என்றால், "நீங்க எக்ஸர்சைஸ்தான் பண்ணக்கூடாதுன்னு சொன்னீங்க சார், விளையாடக் கூடாதுன்னு சொல்லலையே" என்கிறான் ஒருவன். கடைசி அளவெடுப்பில் அவர்கள் தாவும் உயரமும் கூடியிருந்தது. என் வழிகாட்டி, வாலிபாலைப் பற்றி எழுத வேண்டாம் என்றார். வரம்புகள் பகுதியில் ஒரே ஒரு வரி எழுதினேன். வாய்மொழித் தேர்வில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

மனிதர்களை ஐந்து வருடம் அசையாமல் வைத்திருக்க யாராலும் முடியாது. அதனால் நீங்கள் கேட்கும் மாதிரி சுத்தமான ஆதாரம் வரப்போவதில்லை என்றுதான் நினைக்கிறேன். சின்ன அளவில் கிடைப்பவை உண்டு. சீட்டுக் குலுக்கிச் செய்த சோதனைகளில் பயிற்சியால் இரத்த அழுத்தம் குறைகிறது, சர்க்கரை கட்டுக்குள் வருகிறது. ஏற்கெனவே இதய நோய் வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் இதயக் கோளாறால் சாவது குறைகிறது. இவற்றை லண்டன் படிக்கட்டோடு சேர்த்துப் பார்த்துத்தான் நான் நம்புகிறேன்.

எவ்வளவு தேவை என்றால், உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். அந்த கண்டக்டர்கள் மாதிரி விட்டுவிட்டு ஏறுகிற படியும் சேர்த்திதான்.

மோரிஸ் என்ன ஆனார் என்று சொல்லவில்லையே. யாரும் தெருவில் ஓடாத காலத்திலேயே லண்டன் ஹாம்ப்ஸ்டெட் ஹீத் திடலில் ஓடியவர் அவர், பார்த்தவர்கள் பைத்தியம் என்று நினைத்தார்களாம். 2009இல் 99 வயதில் இறந்தார். ஆனால் இதை உங்களிடம் ஆதாரமாகக் காட்ட முடியாது. நல்ல உடம்பு இருந்ததால்தானே ஓடினார் என்று கேட்பீர்கள்.