1976 இன்ஜினியரும் 2023 இன்ஜினியரும்: கேளுங்க, சொல்றேன்

வணக்கம். ஐடபிள்யூசி-ங்கிற வாட்ச் கம்பெனி 2023-ல கொண்டு வந்த புது இன்ஜினியர் வாட்ச் எனக்கு மனசுக்கு ஒட்டலன்னு ரெண்டு வரி எழுதினேன், அதுக்கு இத்தனை கேள்வி வரும்னு நினைக்கல. இத்தனை வருஷமா நீங்க காத்துட்டிருந்த வாட்ச் தானே அது, இப்போ என்ன ஆச்சுன்னு நிறைய பேர் கேட்டுட்டீங்க, ஒவ்வொண்ணா சொல்றேன். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், புது மாடலை கடையில ரெண்டு தடவை கட்டிப் பாத்திருக்கேன், வாங்கல. 1976-ல வந்த பழசும் என்கிட்ட இல்ல, ஒரு பெரியவரோட கலெக்‌ஷன்ல இருந்ததை அரை மணி நேரம் கையில வச்சிருந்தேன், அவ்ளோ தான்.

கேள்வி: அண்ணா, எனக்கு ஆரம்பத்துல இருந்தே தெரியாது. இன்ஜினியர்னா என்ன வாட்ச்?

சுவிட்சர்லாந்துல ஷாஃப்ஹவுசன்ங்கிற ஊர்ல இருக்கற ஐடபிள்யூசி 1955-ல கொண்டு வந்தது. காந்தப்புலம் அதிகமா இருக்கற இடத்துல வேலை செய்யற இன்ஜினியர்களுக்காகவே பண்ணினது, பேரே அதான். பாக்க சாதாரண வட்ட வாட்ச், விஷயமெல்லாம் உள்ள தான். அப்புறம் 1976-ல எஸ்எல் 1832-ன்னு ஒரு மாடல், அதை வரைஞ்சது ஜெரால்ட் ஜென்டாங்கிற வாட்ச் டிசைனர். 1972-ல ஆடெமார் பிகே கம்பெனிக்கு ராயல் ஓக் வாட்ச் வரைஞ்சாரே, 1976-லயே பதேக் ஃபிலிப் கம்பெனிக்கு நாட்டிலஸ் வந்துச்சே, அதே மனுஷன். 40 மில்லிமீட்டர் ஸ்டீல், கேஸும் (வாட்ச்சோட உடம்பு) செயினும் ஒண்ணாவே சேர்ந்த மாதிரி, கண்ணாடியைச் சுத்தி இருக்கற வளையம், அதான் பெசல், அதுல அஞ்சு குழி. அந்த காலத்து கைக்கு அது ரொம்பப் பெருசு, அதனால ஜம்போன்னே பேரு வந்துடுச்சு. பேட்டரில ஓடற குவார்ட்ஸ் வாட்ச் வந்து எல்லாரையும் அடிச்சுட்டிருந்த நேரம் வேற, ஓடவே இல்ல, மொத்தமா ஆயிரம் கூட பண்ணல. இன்னைக்கு கலெக்டர்கள் அதைத் தேடி அலையறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: சார், புதுசும் பழசும் போட்டோல ஒரே மாதிரி தானே இருக்கு? எதுல ஏமாற்றம்?

அந்த அஞ்சு குழியில இருந்து ஆரம்பிக்கறேன், எனக்கு மனசு விட்டுப்போன இடமே அதான். 1832 மாடல்ல பெசல் முழுசும் ஒரே மரை வளையம். ஊறுகாய் பாட்டில் மூடி மாதிரி அப்படியே கேஸ் மேல வச்சு திருகி இறுக்கணும், அதுக்கு கருவியோட பல்லு உக்கார்ற குழி தான் அந்த அஞ்சும். திருகி எங்க இறுகுதோ அங்க நிக்கும், அதனால ஒரு வாட்ச்ல குழி 12-க்கு நேரா இருக்கும், இன்னொண்ணுல கொஞ்சம் தள்ளி நிக்கும். நான் கையில வச்சிருந்த பீஸ்ல மேல் குழி 12-ஐ தாண்டி வலது பக்கமா நின்னுச்சு, அதைப் பாத்துட்டே இருந்தேன், இதை ஒருத்தர் கையால திருகி மூடியிருக்கார்ங்கறது அப்படியே தெரியுது. புதுசுல பெசலை அஞ்சு ஸ்குரூ போட்டு இறுக்கியிருக்காங்க, எல்லா வாட்ச்லயும் ஒரே இடம், துல்லியமா.

கேள்வி: ஒரே இடத்துல இருந்தா பாக்க சுத்தமா தானே இருக்கும்? இதையும் குறைன்னு சொன்னா எப்படி?

தம்பி, சுத்தமா தான் இருக்கு, ஒத்துக்கறேன். ஸ்குரூவும் சும்மா அழகுக்கு இல்ல, நிஜமாவே பெசலைப் புடிச்சுட்டிருக்கு. ஆனா பெசல் மேல தெரியற ஸ்குரூவை வரிசையா நிக்க வைக்கிறது ராயல் ஓக்கோட யோசனை. அங்க எட்டு அறுகோண ஸ்குரூ, தலை பள்ளத்துல உக்காந்திருக்கும், பின்னாடி இருந்து இறுக்குவாங்க, அதனால கோடெல்லாம் ஒரே சீரா நிக்கும். ஜென்டா 1976-ல அதையே திரும்பப் பண்ணாம வேற வழி யோசிச்சார் பாருங்க, அந்த வித்தியாசத்தைத் தான் 2023-ல அழிச்சுட்டாங்க. பழசை நினைச்சு பண்றோம்னு சொல்லிட்டு, பழசுல எது அதுக்கு மட்டுமே சொந்தமோ அதையே எடுத்துட்டா எனக்கு வலிக்குது.

கேள்வி: டயல் எப்படி அண்ணா?

1832 டயல்ல குட்டி குட்டி கோடு, ஒரு கட்டம் நெடுக்க ஒரு கட்டம் குறுக்க, பாய் பின்னல் மாதிரி. நேரா பாத்தா வெறும் டயல், கையை லேசா சாச்சா தான் பின்னல் எழும்பி வரும். புதுசுலயும் அதே யோசனை தான், ஆனா ஆழமா அச்சுல அடிச்சிருக்காங்க, எட்ட நின்னு பாத்தாலே முதல்ல பின்னல் தான் தெரியுது, அப்புறம் தான் முள். சிலருக்கு அதான் பிடிக்கும், அந்த நீலப்பச்சை கலர் வெயில்ல நல்லாவே இருக்கு. எனக்கு பழசோட அமைதி தான் வேணும்.

கேள்வி: கிரவுன் (பக்கத்துல இருக்கற சாவித் திருகு) ரெண்டு பக்கமும் முட்டு வந்துடுச்சே, அதுவும் உங்களுக்கு பிரச்சினையா?

ஆமா. 1832 மாடல்ல அது கிடையாது, பக்கக் கோடு வழவழன்னு போகும். முட்டு வச்சா கிரவுன் அடிபடாது, சரி தான். ஆனா 100 மீட்டர் தண்ணி தாங்கற, தினம் ஆபீஸுக்கு கட்டற வாட்ச்சுக்கு அது கட்டாயம் இல்ல.

கேள்வி: மேக்னட் தாங்கும்னு சொல்றாங்களே, அது எப்படி வேலை செய்யுது? எங்களுக்கு அதனால என்ன பிரயோஜனம்?

நல்ல கேள்வி, இந்த வாட்ச்சோட உயிரே இது தான். வாட்ச்சுக்குள்ள தலைமுடி மாதிரி ஒரு சுருள் ஸ்பிரிங் இருக்கு, விரிஞ்சு சுருங்கி நேரத்தை வச்சிருக்கறது அது. காந்தம் ஏறிட்டா சுருள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், ஸ்பிரிங் நீளம் குறைஞ்ச மாதிரி ஆயிடும், வாட்ச் வேகமா ஓட ஆரம்பிச்சுடும். நேத்து வரைக்கும் சரியா ஓடுன வாட்ச் திடீர்னு ஒரு நாளைக்கு பல நிமிஷம் முன்னாடி போகுதுன்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது இதைத் தான். ஸ்பீக்கர், மேக்னட் வச்ச போன் கவர், லேப்டாப் மூடி, ஹேண்ட்பேக் பூட்டு, எல்லாத்துலயும் காந்தம் இருக்கு. இன்ஜினியர்ல என்ன பண்ணினாங்கன்னா, மூவ்மென்ட்டை, அதான் வாட்ச்சை ஓட்டற உள் மெஷினை, மென் இரும்புல ஒரு கூண்டு கட்டி உள்ள வச்சாங்க. காந்தப்புலம் இரும்பு வழியா சுத்திப் போயிடும், உள்ள இருக்கறதைத் தொடாது. 1955-லயே 80,000 ஆம்பியர் பெர் மீட்டர் (காந்தப்புலத்தோட அளவு) தாங்கிச்சு, 1989-ல ஒரு மாடல் 5 லட்சம், ஆனா அது கூண்டால இல்ல, காந்தம் ஏறாத உலோகத்தால. 2023 மாடல்லயும் அந்த கூண்டு இருக்கு, அதனால தான் பின்மூடி கண்ணாடி இல்லாம முழுசா அடைச்சு இருக்கு. இதுக்கு மட்டும் நான் கையெடுத்து கும்பிடறேன், பழசை மதிச்ச இடம்னா இது தான்.

கேள்வி: அப்போ மூவ்மென்ட்ல குறை இல்லைன்னு எடுத்துக்கலாமா?

32111-ங்கிற மூவ்மென்ட், 120 மணி நேரம் ஓடும். வெள்ளிக்கிழமை சாயந்திரம் கழட்டி வச்சுட்டு திங்கக்கிழமை காலையில கட்டினாலும் ஓடிட்டே இருக்கும், அது பெரிய வசதி. என் வருத்தம் பெலட்டன் வைண்டிங் (தானா சாவி ஏத்தற ஒரு முறை) இல்லைங்கறது. ஆல்பர்ட் பெலட்டன் ஐடபிள்யூசி-ல டெக்னிகல் டைரக்டரா இருந்தவர், 1940-கள்ல ஒரு முறை கண்டுபிடிச்சார். கை அசையும்போது உள்ள சுத்தற எடை தான் ரோட்டர், அது இந்தப் பக்கம் ஆடினாலும் அந்தப் பக்கம் ஆடினாலும் கேம்ங்கிற ஒரு வட்டு ஒரு தட்டை அசைக்கும், அதுல இருக்கற ரெண்டு கொக்கி மாத்தி மாத்தி சக்கரத்தை இழுக்கும், ஒரு அசைவு கூட வீணா போகாது. 1955 இன்ஜினியர்லயும் அது இருந்துச்சு, 1832-லயும் இருந்துச்சு, 2005-ல வந்த 42.5 மில்லிமீட்டர் மாடல்ல கூட இருந்துச்சு. இன்னைக்கும் ஐடபிள்யூசி-யோட 52000, 82000 வரிசை மூவ்மென்ட்ல இருக்கு. கையில இருக்கற பொருளை இன்ஜினியருக்கு கொடுக்கலைங்கறது தான் என் ஆதங்கம்.

கேள்வி: விலை ப்ரோ?

அறிமுகம் ஆனப்போ ஸ்டீல் 11,700 டாலர். 2013-ல வந்த 40 மில்லிமீட்டர் இன்ஜினியர் ஏழாயிரம் டாலருக்குள்ள. பத்து வருஷத்துல விலை ஏறும், புரியுது. ஆனா இந்த விலைக்கு செயின் பூட்டுல நைஸா கூட்டிக் குறைக்கிற அமைப்பு கூட இல்ல. வெயில் காலத்துல கை வீங்கினா இறுக்கும், மழைக்காலத்துல தொளதொளன்னு ஆயிடும், நடுவுல நிக்க வழியே இல்ல. செயின் வளைவும் பாலிஷும் மட்டும் அருமை, கையில தண்ணி மாதிரி விழுது.

கேள்வி: 2025-ல 35 மில்லிமீட்டர் வந்துச்சே, என் கை சின்னது, அது எடுக்கலாமா?

எடுங்கம்மா, சின்ன கைக்கு அது தான் பொருந்தும், மெலிசாவும் இருக்கு. ஒண்ணு மட்டும் தெரிஞ்சு எடுங்க, அதுல பின்னாடி கண்ணாடி வச்சிருக்காங்க, இரும்பு கூண்டு கிடையாது.

கேள்வி: அப்போ பழசை திரும்பக் கொண்டு வர்றதே தப்புன்னு சொல்றீங்களா?

இல்லவே இல்ல. வஷெரான் கம்பெனி 2022-ல 222-ங்கிற மாடலை திரும்பக் கொண்டு வந்தாங்க, 1977-ல இருந்த அதே 37 மில்லிமீட்டர், அதே கோடு, மூவ்மென்ட்டையும் செயினையும் தான் சரி பண்ணினாங்க. அதைப் பாத்து நான் சந்தோஷப்பட்டேன், வாங்கற வசதி இல்லைங்கறது வேற விஷயம்.

கேள்வி: இந்த ஸ்டைல் பிடிச்சிருக்கு, ஆனா அவ்ளோ காசு இல்ல. என்ன வாங்கலாம் சார்?

டிஸ்ஸோ பிஆர்எக்ஸ் பாருங்க, 1978 மாடலை 2021-ல திரும்பக் கொண்டு வந்தது, 40-லயும் 35-லயும் கிடைக்குது. இன்ஜினியரே தான் வேணும்னா 2013 மாடலை செகண்ட் ஹேண்ட்ல தேடலாம். 1832 பக்கம் போறவங்க மட்டும் ரொம்ப கவனமா இருங்க, செயின்ல கணு குறைஞ்சிருந்தா மாத்து கிடைக்கறது கஷ்டம், கேஸ் விளிம்பு பாலிஷ் போட்டு மழுங்கியிருந்தா வேணாம்னுட்டு வந்துடுங்க.

கேள்வி: என் பழைய ஆட்டோமேட்டிக் வேகமா ஓடுது, காந்தம் ஏறியிருக்குமோ?

ஒரு சின்ன திசைகாட்டியை மேஜை மேல வச்சு, வாட்ச்சை மெதுவா பக்கத்துல கொண்டு போங்க. முள்ளு ஆடினா காந்தம் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். பிரிக்கவே வேணாம், நல்ல வாட்ச் கடையில காந்தம் எடுக்கற மெஷின் இருக்கும், ஒரு நிமிஷ வேலை. அதுக்கப்புறமும் வேகமா ஓடினா தான் சர்வீஸ் பத்தி யோசிக்கணும். பாத்துட்டு எப்படி இருக்குன்னு எழுதுங்க.