மாற்கு 7:19: இரண்டு மொழிபெயர்ப்பும் ஏன் மோதுகின்றன?

இயேசு "எல்லா உணவும் சுத்தம்" என்று சொன்னதாகப் புதிய மொழிபெயர்ப்பில் வரும் வரி பழைய தமிழ் பைபிளில் ஏன் இல்லை, பன்றி போன்றவற்றைத் தீட்டு என்று விலக்கும் லேவியராகமம் 11க்கு அது முரண் இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். அந்த வரி பழைய பைபிளில் விடுபட்டுப் போகவில்லை, அதே கிரேக்கச் சொல்லை அது வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

'சுத்திகரிக்கிற' என்ற பொருள் தரும் அந்தச் சொல்லில் பழமையான கைப்பிரதிகள் நெடில் ஓ-வையும், பிற்காலப் பிரதிகள் பல குறில் ஒ-வையும் வைத்திருக்கின்றன. நெடில் என்றால் சுத்தம் என்று சொன்னவர் இயேசு, அதாவது மாற்கு இடையில் சேர்க்கும் விளக்கம். குறில் என்றால் உணவு வயிற்றுக்குள் போய்க் கழிவாக வெளியேறுவதைச் சொல்வதோடு சரி. ஓர் எழுத்துதான், ஆனால் எவ்வளவு சண்டை!

அப்புறம், 7:2-5ஐ மறுபடி வாசித்துப் பாருங்கள். அங்கே கேள்வியே பன்றி இறைச்சி பற்றியது அல்ல, கை கழுவாமல் சாப்பிடுவது பற்றியது. மத்தேயு 15:20ம் அதே கை கழுவும் விஷயத்தோடுதான் முடிகிறது. லேவியராகமம் 11ஓ இஸ்ரவேல் புத்திரருக்குச் சொன்னது (11:2). இதைப் பார்த்தாலே முரண்பாடு பாதி கரைந்துவிடும்.

முழுதாகக் கரையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்போஸ்தலர் 10ல், எல்லாவித மிருகங்களையும் அடித்துச் சாப்பிடு என்று பேதுருவுக்குச் சொன்ன தரிசனத்தைப் பலர் உணவுக்கு ஆதாரமாகக் காட்டுவார்கள், ஆனால் 10:28ல் அவரே அதை மனிதர்களைப் பற்றியதாக விளக்குகிறார். அப்போஸ்தலர் 15:29 புறஜாதி (யூதரல்லாத) விசுவாசிகளுக்கும் இரத்தத்தை விலக்குகிறது. ரோமர் 14:14 எதுவும் இயல்பிலேயே தீட்டு இல்லை என்கிறது. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார் இன்றும் லேவியராகமப் பட்டியலைப் பின்பற்றுகிறார்கள், பெரும்பாலான சபைகள் பின்பற்றுவதில்லை. என் வாசிப்பில் ரோமர் 14தான் கனமானது.