புதுச் சங்கம் வேண்டாம் (கடிதம்)

வணக்கம் அண்ணா,

சிலாங்கூரில் பந்திங் பக்கம் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கிறோம். தோட்டம் கைமாறிய பிறகு லயத்திலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, வந்த குடும்பங்கள்தான் இங்கே பாதிக்கு மேல். கொஞ்ச நாளாக இரவு பதினொரு மணிக்கு மேல் பிளாஸ்டிக் எரியும் நாற்றம். ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வந்துவிடுகிறது. மகனுக்கு இருமல் விடவே இல்லை. செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்குள் ஒரு கொட்டகை இருக்கிறது, இரவில் லோரிகள் போய் வருகின்றன என்கிறார்கள். ஓர் அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். "இது எங்கள் வேலை இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள்.

பக்கத்து ஊரில் இதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. ஆனால் எல்லாரும் சீனர்கள், கூட்டத்தில் என்ன பேசுகிறார்கள் என்றே நமக்குப் புரியாது. அதனால் தமிழர்களுக்கென்று ஒரு சுற்றுச்சூழல் சங்கம் பதிவு செய்யலாமா என்று யோசிக்கிறோம். அம்மா "நமக்கு எதுக்கு வம்பு" என்கிறார். என் மாமா ஒருவர் அந்தப் பக்கம்தான் லோரி ஓட்டுகிறார், அது வேறு சங்கடம். என்ன செய்யலாம்? பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

சங்கம் வேண்டாம். சங்கப் பதிவிலாகாவுக்கு மனு, சட்டவிதி, தலைவர், துணைத்தலைவர், செயலாளர், பொருளாளர், கணக்காய்வாளர் என்று ஆள் பிடித்து முடிப்பதற்குள் உங்கள் மகன் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விடுவான். அப்புறம் யார் தலைவர் என்று தகராறு வந்து, பாதிப் பேர் போய் இன்னொரு சங்கம் வைப்பார்கள். நம் கோயில்களில் பார்க்காததா? பக்கத்து ஊர்க் குழுவிலேயே போய் உட்காருங்கள்.

அவர்கள் சும்மா இருந்தவர்கள் இல்லை. 2018இல் சீனா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியை நிறுத்தியதும் அந்தக் குப்பையில் பெரும்பகுதி நம் மலேசியா பக்கம் திரும்பியது. ஜெஞ்சாரோம், தெலுக் பங்ளிமா காராங் வட்டாரத்தில் செம்பனைக்கு நடுவே, உரிமம் இல்லாமல், தொழிற்சாலைகள் முளைத்தன. பிரிக்க முடிந்ததை உருக்கினார்கள், முடியாததை இரவில் கொளுத்தினார்கள். உங்கள் கோல லங்காட் மாவட்டத்து மக்கள்தான் நாற்றம் வரும் திசையைப் பிடித்துப் போய், எது எங்கே இருக்கிறது என்று பட்டியல் எடுத்து அதிகாரிகளிடம் கொடுத்தார்கள். மிரட்டல்களும் வந்தன. ஆனால் முப்பதுக்கு மேற்பட்ட தொழிற்சாலைகள் மூடப்பட்டன. 2019 மே மாதம் 60 கொள்கலன்களில் இருந்த சுமார் 3,000 டன் கழிவை வந்த நாடுகளுக்கே திருப்பி அனுப்பப்போவதாக அரசு அறிவித்தது. இவ்வளவு அனுபவம் பக்கத்து ஊரில் இருக்கும்போது நீங்கள் ஏன் முதலிலிருந்து தொடங்க வேண்டும்?

மொழி ஒரு பிரச்சினைதான். ஆனால் கூட்டத்தில் கையைத் தூக்கி, "போலே சாக்காப் மெலாயு சிக்கிட்?" (கொஞ்சம் மலாயில் பேசலாமா?) என்று கேட்டால் யாரும் முகம் சுளிக்கப்போவதில்லை. உண்மையில் அவர்களுக்குத்தான் நீங்கள் தேவை. செம்பனைக் காட்டை ஒட்டி இருப்பவர்கள் நம் ஆட்கள். புகை முதலில் வந்து சேர்வது உங்கள் ஜன்னலுக்கு.

"எல்லாரும் சீனர்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் ஈப்போ பக்கத்து புக்கிட் மேரா வழக்கைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அரிய மண் தனிமங்களைப் பிரித்தெடுக்கும் தொழிற்சாலை ஒன்று, கதிரியக்கம் உள்ள தோரியம் கழிவு. 1985இல் அந்தச் சீனப் புதுக்கிராமத்திலிருந்து எட்டுப் பேர் ஊருக்காக வழக்குப் போட்டார்கள். பின்னால் நின்றது பினாங்கு பயனீட்டாளர் சங்கம். அதன் அப்போதைய தலைவர் எஸ்.எம். முகமது இத்ரிஸ் தமிழர். வழக்கறிஞர்களில் ஒருவர் மீனாட்சி ராமன், அவரும் தமிழர். 1987இல் ஓப்பராசி லாலாங் கைது நடவடிக்கையில் அவரையும் பிடித்து உள்ளே வைத்தார்கள். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் தொழிற்சாலையை மூடச் சொன்னது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதைப் புரட்டிவிட்டது. ஊர் தோற்றது. ஆனால் அடுத்த மாதமே, 1994 ஜனவரியில், நிறுவனம் தானாகவே மூடுவதாக அறிவித்தது. இப்படி இழுபறியாகத்தான் இந்த விஷயங்கள் முடிகின்றன.

அந்த உச்சநீதிமன்றத் தீர்ப்பில் ஒன்றைக் கவனியுங்கள்: உரிமம் கொடுத்த வாரியத்திடமே போய் அதை ரத்து செய்யச் சொல்லி முறையிட்டிருக்க வேண்டும் என்றது. நியாயமோ இல்லையோ, நமக்கு அதில் பாடம் இருக்கிறது. எந்தக் கதவைத் தட்ட வேண்டுமோ அதைத் தட்டியதற்குக் காகிதம் வேண்டும். உங்களைத் திருப்பி அனுப்பியவர்கள் ஒருவகையில் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள், வேலை நாலு இடத்தில் சிதறிக் கிடக்கிறது. புகையும் கழிவும் சுற்றுச்சூழல் துறை. கொட்டகைக்கான உரிமம் நகராண்மைக் கழகம். விவசாய நிலத்தில் தொழிற்சாலை நடந்தால் நில அலுவலகம். ஆற்றிலோ பெரிய கால்வாயிலோ கலந்தால் சிலாங்கூர் நீர் நிர்வாக வாரியம், அதாவது லுவாஸ். நாலுக்கும் ஒரே நாளில் எழுதுங்கள், ஒவ்வொன்றிலும் மற்ற மூன்றுக்கும் நகல் போடுங்கள். அப்போது "எங்கள் வேலை இல்லை" என்பதை எழுத்தில் சொல்ல வேண்டிவரும், அதற்கு யாரும் அவ்வளவு சீக்கிரம் துணிய மாட்டார்கள். புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். சிலாங்கூரில் 2011ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. கொட்டகைக்கு உரிமம் உண்டா என்று அதன்படி எழுதிக் கேட்கலாம்.

திறந்தவெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவில் வரும். (நம் வீட்டுப் பின்னால் காய்ந்த இலையோடு டயப்பரையும் சேர்த்துக் கொளுத்துவதும் அங்கேதான் வரும். குழுவில் சேர்வதற்கு முன்னால் அதை நிறுத்திவிடச் சொல்லுங்கள்.)

இனி உங்கள் வேலை. ஒரு பள்ளிக் கொப்பி வாங்குங்கள். "தினமும் நாற்றம் தாங்கவில்லை" என்று எழுதினால் அதிகாரி படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவார். இப்படி எழுதுங்கள்: "செவ்வாய். இரவு 11.40 முதல் 12.15 வரை. காற்று கோயில் பக்கமிருந்து. ரப்பர் செருப்பு எரியும் நெடி. கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டையில் கரும்பொடி. மகனுக்கு இருமல், மறுநாள் காலை கிளினிக்." கிளினிக் ரசீதையும் அதே பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். உங்கள் தெருவில் இன்னும் நாலு வீட்டில் இதேபோல எழுதச் சொல்லுங்கள். ஒரே இரவை ஐந்து கொப்பி சொன்னால் அது வேறு விஷயம். கொட்டகைக்குள் போய்ப் படம் எடுக்கப் போகாதீர்கள், அத்துமீறல் என்று உங்கள் மேலேயே போலீஸ் ரிப்போர்ட் வரும். முகநூலில் யார் பெயரையும் போட வேண்டாம். வழக்கறிஞர் கடிதம் வீடு தேடி வந்தால் அம்மா பயந்தது சரியாகிவிடும்.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. வேலையும் போய், வீடும் போய்விடும் என்ற இடத்தில் வாழ்ந்த தலைமுறை அது. வாயைத் திறக்காமல் இருந்ததால்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். ஆனால் அதே தலைமுறையில் தோட்டத்தில் களைக்கொல்லி மருந்தடித்த பெண்கள் பேசவும் செய்தார்கள். நகம் கழன்றதையும் மூக்கில் ரத்தம் வந்ததையும் சொன்னார்கள். தெனாகானித்தா என்ற பெண்கள், தொழிலாளர் உரிமை அமைப்பின் ஐரின் ஃபெர்னாண்டஸும் அவரோடு இருந்தவர்களும் அதைக் கேட்டு எழுதி வெளியே கொண்டுவந்தார்கள். பாராகுவாட் என்ற அந்தக் களைக்கொல்லிக்கான தடையை அரசு 2002இல் அறிவித்து, 2006இல் தளர்த்தி, கடைசியில் 2020 ஜனவரி 1இலிருந்து முழுசாகத் தடை செய்தது. பதினெட்டு வருஷம். அந்தப் பெண்கள் யாரும் சுற்றுச்சூழல் ஆர்வலர் என்று தங்களைச் சொல்லிக்கொண்டதில்லை.

மாமா விஷயத்தில் சுற்றி வளைக்க வேண்டாம். நீங்கள் குழுவில் சேரப்போவதை அவர் வெளியே கேள்விப்படக் கூடாது, உங்கள் வாயால் கேட்க வேண்டும். அவரிடம் தகவல் பிடுங்கப் பார்க்காதீர்கள், கொட்டகையில் யார் பேசினார் என்று தெரிந்தால் முதலில் போவது அவர் வேலை. லோரி எண்ணை அவர் தரத் தேவையில்லை, அது சாலையில் தெரிகிறது. கூட்டத்தில் ஒன்றை மட்டும் கேளுங்கள்: கொட்டகை மூடினால் உள்ளே வேலை செய்பவர்களுக்கு என்ன ஆகும்? இந்த மாதிரி இடங்களில் பெரும்பாலும் வங்காளதேசத்திலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்தவர்கள், முகமூடிகூட இல்லாமல், உங்களைவிடப் பத்து மடங்கு புகையைச் சுவாசிக்கிறார்கள். சோதனை வந்தால் முதலாளி ஓடிவிடுவார், லோரியில் ஏற்றப்படுவது இவர்கள். பல குழுக்கள் இதை யோசிப்பதே இல்லை. தோட்டத்திலிருந்து வந்த நாம் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது?

குழுவில் எனக்குத் தெரிந்தவரின் எண்ணைத் தனி மடலில் அனுப்பியிருக்கிறேன். இரவு ஒன்பதுக்கு முன்னால் கூப்பிடுங்கள், அவர் காலை ஷிஃப்டுக்குப் போகிறவர்.