ஸ்கேன் நார்மல் என்கிறார்கள், ஆனால் மாதாமாதம் தாங்க முடியாத வலி. எண்டோமெட்ரியோசிஸாக இருக்குமா?

இருக்கலாம். எனக்கு அப்படித்தான் இருந்தது.

பத்தாம் வகுப்பிலிருந்தே முதல் நாள் வாந்தி, இரண்டாம் நாள் சுருண்டு படுப்பது. அம்மா மோரில் வெந்தயம் போட்டுக் கொடுப்பார். பாட்டி, "ஒரு பிள்ளை பெத்தா எல்லாம் சரியாயிடும்" என்பார். இரண்டு முறை ஸ்கேன் எடுத்தும் ஒன்றும் தெரியவில்லை. ஒரு மருத்துவர் டென்ஷனைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.

இருபத்தொன்பது வயதில் பார்த்த மருத்துவர்தான் அதைக் கேட்டார்: "பீரியட்ஸ் சமயத்துல மோஷன் போகும்போது வலிக்குதாம்மா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்குப் பயந்தே அந்த நாட்களில் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வேன். மூலமாக இருக்கும் என்று நாட்டு மருந்துக் கடையில் ஏதோ சூரணம் வாங்கித் தின்றுகொண்டிருந்தேன். மாதவிடாயோடு அதை முடிச்சுப் போடத் தோன்றவே இல்லை. தாம்பத்தியத்தின்போது வலிப்பதையும் அன்றுதான் வாய்விட்டுச் சொன்னேன்.

கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு, வெளியே சினைப்பை, குடல், சிறுநீர்ப்பை என்று கண்ட இடத்தில் வளர்வதுதான் இந்த நோய். ஹார்மோன் ஏறி இறங்கும்போது அந்தத் திசுவும் வீங்கிக் கசியும், சுற்றிலும் அழற்சி உண்டாகும், நாளடைவில் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் செய்யும். சினைப்பையில் பழைய இரத்தம் தேங்கினால் அது சாக்லேட் கட்டி. நம் ஊரில் 'நீர்க்கட்டி' என்பது பெரும்பாலும் பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு, அது வேறு. அங்கே மாதவிடாய் தள்ளிப்போவதுதான் தொல்லை. கருப்பைத் தசைக்குள்ளேயே இந்தத் திசு புகுந்தால் அடினோமையோசிஸ், அதில் இரத்தப்போக்கு அதிகமாக இருக்கும். மூன்றையும் ஒன்றாகக் குழப்பி எனக்கு வைத்தியம் சொன்ன அத்தைமார் ஏராளம்.

சரி, ஸ்கேனுக்கு வருவோம். சாக்லேட் கட்டி அதில் தெரியும். வயிற்றுச் சவ்வின் மேல் மெல்லிசாகப் படர்ந்திருப்பது பல நேரம் தெரியாது. ஆகவே 'நார்மல்' என்று வந்தாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது. முன்பெல்லாம் லேப்ராஸ்கோபி, அதாவது வயிற்றில் சிறு துளை போட்டு கேமரா விட்டுப் பார்ப்பது, செய்துதான் உறுதி சொல்வார்கள். 2022-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதலின்படி, அறிகுறிகளை வைத்தே ஹார்மோன் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம்.

எனக்குக் கொடுத்த ஹார்மோன் மாத்திரை டையினோஜெஸ்ட் 2 மில்லிகிராம், தினமும் இரவு. முதல் மூன்று மாதம் அவ்வப்போது பொட்டுப் பொட்டாக இரத்தம் பட்டு எரிச்சலூட்டியது. அப்புறம் மாதவிடாய் நின்றது, வலியும் அடங்கியது. நோயை வேரோடு எடுக்கும் மருந்து அல்ல, நிறுத்தினால் திரும்ப வரலாம். குழந்தைக்கு முயற்சி செய்யும்போது இதைச் சாப்பிட முடியாது என்பதால், அந்த யோசனை இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மருத்துவரிடம் போவதற்கு முன் இரண்டு மூன்று மாதம் காலண்டரில் குறித்து வையுங்கள்: வலித்த நாள், மோஷனிலோ சிறுநீரிலோ வலி, போட்ட மாத்திரை, எடுத்த லீவு. நான் எங்கள் மளிகைக் கடைக் காலண்டரையே சுருட்டி எடுத்துப் போனேன். சொல்ல வெட்கமாக இருந்தால் தாளை நீட்டிவிடுங்கள், அவர்களே படித்துக்கொள்வார்கள்.